பாடுவதா? பாடாதிருப்பதா?

இசை, இறைவன் மாந்தர்க்கு அளித்த நற்கொடைகளுள் ஒன்று என்பதை மறுப்பார் யாருமிலர். துயருற்ற நெஞ்சுக்கு அது மருந்தாகிறது. பிரிந்தோரை ஒன்று சேர்க்கிறது. ஆயினும், "அந்நாட்டில் பாடாதீர், அந்நாட்டாரோடு பாடாதீர், பாடாதிருப்பதே அறம்" என்று நல்லோர் பலர் ஒருங்கே குரல் எழுப்பிய காலமும் உண்டு. அக்குரலைக் கேட்டும் பாடகர் ஒருவர் பாடினார். பாடியதோடு நில்லாமல், அப்பாடல்களைச் சுமந்துகொண்டு நாடு நாடாகப் பயணமும் மேற்கொண்டார். அவர் செய்தது நன்றா, தவறா என்னும் வழக்கு இன்றும் முற்றிலும் ஓய்ந்தபாடில்லை. அவ்வழக்கில் நம் இல்லங்களுக்கும் ஒரு பாடம் இருப்பதாகத் தோன்றுவதால், அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

1987-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். இலண்டன் மாநகரின் புகழ்பெற்ற ராயல் ஆல்பர்ட் அரங்கினுள்ளே அமெரிக்கப் பாடகர் பால் சைமன் பாடிக்கொண்டிருக்கிறார். அவருடன் மேடையில் நிற்போருள் பெரும்பாலோர் தென்னாப்பிரிக்கக் கறுப்பர்கள். அரங்கின் வெளியிலோ, எதிர்ப்பாளர்கள் திரண்டு நிற்கின்றனர். அவர்களுள் பில்லி பிராக், பால் வெல்லர், ஜெர்ரி டாமர்ஸ் போன்ற பிரிட்டிஷ் பாடகர்களும் உண்டு. சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவை விடுவிக்கக் கோரும் புகழ்பெற்ற பாடலை 1984-இல் எழுதியவர் இந்த டாமர்ஸ். சைமனின் பயணத்தில் உடன் வந்த ஊதுகொம்புக் கலைஞர் ஹியூ மசெகெலாவோ, அதே மண்டேலாவைத் திரும்ப அழைத்து வரக் கோரும் தமது பாடலை அப்பயணத்தில் பாடி வந்தார். உள்ளே இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் வெறுத்தது ஒன்றையே, விரும்பியதும் ஒன்றையே. ஆயினும் அவர்கள் நடுவில் ஒரு சுவர் நின்றது. அச்சுவர் எங்ஙனம் எழுந்தது?

ஓர் ஒலிநாடா

1941-இல் பிறந்த பால் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல் என்னும் நண்பருடன் இணைந்து பாடி இளமையிலேயே உலகப் புகழ் பெற்றவர். 1970-இல் இருவரும் பிரிந்தனர். பின்னர்த் தனித்தும் வெற்றி கண்ட சைமன், 1983-இல் வெளியிட்ட இசைத்தட்டு எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. இல்வாழ்விலும் அவருக்கு முறிவு ஏற்பட்டது. மனம் சோர்ந்திருந்த அந்நாட்களில், 1984-இல், ஓர் ஒலிநாடா அவர் கைக்கு வந்தது. கைத்துருத்திப் பெட்டியின் துள்ளலிசை அதில் நிறைந்திருந்தது. தம் மோட்டார் வண்டியில் செல்லும்போதெல்லாம் அதனையே திரும்பத் திரும்பக் கேட்டார். அது எந்நாட்டு இசை என்று விசாரித்தபோது, தென்னாப்பிரிக்கக் கறுப்பர் குடியிருப்புகளின் இசை என்று விடை கிடைத்தது.

வேறெந்த நாடாயினும் சிக்கல் எழுந்திராது. தென்னாப்பிரிக்காவோ அந்நாளில் உலகம் கதவடைத்திருந்த நாடு.

அடைத்த கதவு

1948 முதல் அந்நாட்டின் வெள்ளையர் அரசு நிறவேற்றுமையையே சட்டமாக்கி ஆண்டது. பெரும்பான்மையினரான கறுப்பர்க்கு வாக்குரிமை இல்லை; விரும்பிய இடத்தில் குடியிருக்கும் உரிமை இல்லை; தாம் பிறந்த மண்ணில் நடமாடுவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 1980 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, கலை, கல்வி, விளையாட்டு ஆகிய துறைகளில் அந்நாட்டோடு எவ்விதத் தொடர்பும் கூடாதென்று உலக நாடுகளையும் கலைஞர்களையும் கேட்டுக்கொண்டது. அங்குச் சென்று நிகழ்ச்சி நடத்திய கலைஞர்களின் பெயர்ப்பட்டியலையும் 1983 முதல் வெளியிடலாயிற்று.

இத்தகைய புறக்கணிப்பால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். "எங்கள் நாட்டில் எல்லாம் சீராகவே உள்ளன; உலகப் பெரும் பாடகர்களும் எங்களிடம் வருகிறார்கள், பாருங்கள்" என்று காட்டிக்கொள்ளவே அந்த அரசு பெரிதும் விழைந்தது. சன் சிட்டி என்னும் கேளிக்கை நகருக்கு வெளிநாட்டுக் கலைஞர்களைப் பெரும் தொகை கொடுத்து வரவழைத்ததும் இதனாலேயே. ஒருவருக்கு விலக்கு அளித்தால், அதே வாயில் வழியாகப் பத்துப் பேர் நுழைவர். எனவேதான், யாராயினும் செல்லலாகாது என்று விதி கடுமையாக வகுக்கப்பட்டது. சன் சிட்டியிலிருந்து வந்த அழைப்புகளைச் சைமனும் மறுத்தே வந்தார் என்பதை அவர்பால் நீதியோடு இங்குச் சொல்ல வேண்டும்.

இரு வாரங்கள்

அங்குச் செல்லுமுன் சைமன் அறிவுரை கேட்டார். கறுப்பினக் கலைஞரும் உரிமைப் போராளியுமான ஹாரி பெலஃபாண்டி, "முதலில் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசாரைக் கலந்து பேசுங்கள்" என்னும் கருத்தை உரைத்தார். அக்காங்கிரசே அந்நாட்டு விடுதலைப் போரை முன்னின்று நடத்திய இயக்கம். சைமனோ அவர்களைக் கேளாமலே 1985 பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க் நகருக்குச் சென்றார். கறுப்பர் இசைக்கலைஞர் சங்கம் தம் வருகையை வாக்கெடுப்பில் ஏற்றது என்பது பின்னாளில் அவர் கூறிய சமாதானம்.

அங்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஒலிப்பதிவு நடந்தது. கித்தார் கலைஞர் ரே ஃபிரி, பகிதி குமாலோ, தாளக் கலைஞர் ஐசக் ம்ட்ஷாலி முதலியோர் அதில் வாசித்தனர். அந்நகரில் அத்தகைய கலைஞர்க்கு ஒரு நாள் கூலி ஏறத்தாழ 15 டாலர். சைமன் கொடுத்ததோ மணிக்கு ஏறத்தாழ 200 டாலர். அது நியூயார்க் தொழிற்சங்கம் வகுத்த ஊதியத்தைப் போல் மும்மடங்கு. இசையில் மூழ்கியிருந்த அக்கலைஞர்கள், பொழுது சாயத் தொடங்கியதும் அமைதி இழந்தனர். இருட்டிய பின் வெள்ளையர் நகரில் இருப்பதற்கு அவர்களுக்கு அனுமதி இல்லை! எத்துணைத் திறமை உடையவராயினும், எத்துணை ஊதியம் பெற்றவராயினும், கதிரவன் மறைந்ததும் அவர்கள் சட்டத்தின் முன் குற்றவாளிகள்.

அவ்வாண்டிலேயே லேடிஸ்மித் பிளாக் மாம்பாசோ என்னும் ஜூலு பாடற்குழுவைச் சைமன் இலண்டனுக்கு வரவழைத்துப் பாட வைத்தார். இக்குழுவினர் பாடும் முறைக்கு இசிகதாமியா என்று பெயர். சுரங்கங்களில் உழைப்பதற்காகக் குடும்பத்தைப் பிரிந்து வந்து, ஆடவர் மட்டுமே தங்கும் விடுதிகளில் அடைபட்டிருந்த தொழிலாளர் வளர்த்த கலை அது. காவலர் காதில் விழாதபடி நுனிக்காலில் மெல்ல அடியெடுத்து வைத்து ஆடியதால், பாடலும் மென்மையாக அமைந்தது என்பர். இக்குழுவின் தலைவர் ஜோசப் ஷபலாலா ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர். தம் சபையில் போதகராகவும் பணியாற்றியவர். சைமனோடு சேர்ந்து பாடல் இயற்றிய அவருடைய பெயர், இசைத்தட்டில் உடன் ஆசிரியராகவே பொறிக்கப்பட்டது.

புகழும் பழியும்

1986 ஆகஸ்டில் 'கிரேஸ்லாந்து' என்னும் பெயரோடு இசைத்தட்டு வெளிவந்தது. பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் மெம்ஃபிஸ் நகர மாளிகையின் பெயர் அது. சொல்லின் நேர்ப்பொருளோ 'அருளின் நிலம்' என்பதாம். உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாயின. அமெரிக்க இசையுலகின் உயர்ந்த பரிசாகிய கிராமி, ஆண்டின் சிறந்த இசைத்தட்டு என்று 1987-இல் இதற்கே வழங்கப்பட்டது.

புகழோடு பழியும் வந்தது. புறக்கணிப்பை மீறிவிட்டார் என்று ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் கண்டித்தது. அக்காங்கிரசின் தலைவர் ஆலிவர் தாம்போவின் மைந்தரும், நிறவெறிக்கு எதிரான கலைஞர் அமைப்பை பிரிட்டனில் தோற்றுவித்தவருமான டாலி தாம்போ கடுமையாக எதிர்த்தார். துன்புறும் மக்களின் இசையை எடுத்துக்கொண்டவர், அவர்கள் துன்பத்தைக் குறித்துப் பாடல்களில் வெளிப்படையாக ஒரு சொல்லும் பகரவில்லையே என்றும் பலர் வினவினர். முன்பு சன் சிட்டியில் பாடிய லிண்டா ரான்ஸ்டட்டுக்கு இசைத்தட்டில் இடமளித்ததையும் சுட்டிக் காட்டினர். தாம் தென்னாப்பிரிக்காவில் நிகழ்ச்சி நடத்தியதில்லை என்றும், நடத்தப் போவதில்லை என்றும் 1987 ஜனவரியில் சைமன் ஐக்கிய நாடுகள் குழுவுக்கு எழுதினார். எனினும் எதிர்ப்பு ஓயவில்லை.

நாடு கடந்தோரின் பயணம்

இந்நிலையில்தான் 1987 பிப்ரவரி முதல் நாள், நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் சைமனின் உலக இசைப்பயணம் தொடங்கியது. பொதுவாக ஒரு பாடகர் புதிய இசைத்தட்டை வெளியிட்டதும், அதன் விற்பனையைப் பெருக்க ஊர் ஊராகச் சென்று பாடுவது மேலைநாட்டு வழக்கம். மேடையின் நடுவில் அப்பாடகர் ஒருவரே நிற்பார்; ஏனையோர் அவருக்குப் பின்பாட்டுக்காரரே. இப்பயணமோ வேறு விதமாக அமைந்தது. நிகழ்ச்சியின் கணிசமான பகுதியில் சைமன் விலகி நின்றார். லேடிஸ்மித் குழுவும், மசெகெலாவும், மிரியம் மகேபாவும் தத்தம் பாடல்களையே பாடினர்.

மகேபா யார் என்பதை அறிந்தால்தான் இதன் பொருள் விளங்கும். 1959-இல் நாட்டைவிட்டு வெளியேறிய அவர், மறு ஆண்டு தம் தாயின் அடக்கச் சடங்குக்குத் திரும்ப முயன்றபோது, கடவுச்சீட்டு செல்லாதென்று அறிவிக்கப்பட்டது. பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகக் காணவும் அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1963-இல் அவர் ஐக்கிய நாடுகள் குழுமுன் தம் நாட்டு அரசுக்கு எதிராகச் சாட்சி கூறினார். நிறவெறியை எதிர்ப்பதில் இவரைவிட மிகுந்த விலை கொடுத்த கலைஞர் அரியர். இத்தகையவர் சைமனின் மேடையேறினார் என்றால், அதனை எளிதில் ஒதுக்கிவிட இயலுமா?

தென்னாப்பிரிக்காவில் பாட இயலாததால், அதன் அண்டை நாடாகிய ஜிம்பாப்வேயைத் தேர்ந்தனர். பிப்ரவரி 14, 15 ஆகிய நாட்களில் ஹராரே நகர் ரூஃபாரோ விளையாட்டரங்கில் நிகழ்ச்சி நடந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன், 1980 ஏப்ரலில், வெள்ளையர் சிறுபான்மை ஆட்சி முடிவுற்று ஜிம்பாப்வே விடுதலை பெற்ற விழா நிகழ்ந்ததும் அதே அரங்கில்தான். கறுப்பரும் வெள்ளையரும் அங்கே தோளோடு தோள் நின்று கேட்டனர். எல்லை கடந்து தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தோரும் அவர்களுள் இருந்தனர். சொந்த நாட்டில் அவ்வாறு கூடி நிற்க அவர்களுக்கு இயலாது.

நிகழ்ச்சியில் கலைஞர் அனைவரும் கூடி 'என்கோசி சிகெலெல் ஆப்பிரிக்கா' பாடினர். 'ஆண்டவரே, ஆப்பிரிக்காவை ஆசீர்வதியும்' என்பது அதன் பொருள். மெதடிஸ்ட் சபையின் பள்ளி ஆசிரியர் ஈனக் சொன்டோங்கா 1897-இல் இயற்றிய ஞானப்பாடல் அது. விடுதலை இயக்கத்தின் கீதமாக விளங்கிய அப்பாடலின் ஷோனா மொழி வடிவமே அந்நாளில் ஜிம்பாப்வேயின் நாட்டுப்பண். தம் ஊருக்குச் செல்ல இயலாத மகேபாவும் மசெகெலாவும் எல்லையின் இப்புறம் நின்று அதனைப் பாடினார்கள். பாபிலோன் ஆற்றங்கரையில் அமர்ந்து, யாழ்களை மரங்களில் மாட்டிவிட்டு, அந்நிய மண்ணில் எவ்வாறு பாடுவோம் என்று அழுத இஸ்ராயேல் மக்களைச் சங்கீத நூல் நமக்குக் காட்டுகிறது. அம்மக்களுக்குப் பாட மறுப்பதே விசுவாசமாக இருந்தது. இவர்களுக்கோ பாடுவதே விசுவாசமாக இருந்தது.

ஒரே கை அளித்த இரு கொடைகள்

இவ்வழக்கில் உள்ளத்தை மிகவும் தொடும் செய்தி இனிமேல்தான் வருகிறது. ஆங்கிலிக்கன் சபைத் துறவியான டிரெவர் ஹடில்ஸ்டன் அடிகளார் 1943-இல் இங்கிலாந்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் சென்று, சோஃபியாடவுன் என்னும் கறுப்பர் பகுதியில் பணிபுரிந்தார். செயிண்ட் பீட்டர்ஸ் பள்ளியில் அவர் ஆன்ம குருவாக இருந்தபோது, அடங்காத மாணவன் ஒருவன் அவரிடம் வந்து, தனக்கு ஓர் ஊதுகொம்பு மட்டும் கிடைத்தால் இனி எவருக்கும் தொல்லை தருவதில்லை என்றான். பதினான்கு வயதுச் சிறுவனின் சொல்லை அடிகளார் அலட்சியம் செய்யவில்லை. ஊதுகொம்பை வாங்கிக் கொடுத்ததோடு, கற்பிக்க ஆசிரியரையும் ஏற்பாடு செய்தார். நண்பர்களும் கருவிகள் கேட்டுவர, பள்ளியில் ஓர் இசைக்குழுவே உருவாயிற்று. பின்னர் அடிகளார் அமெரிக்கா சென்றபோது இச்சிறுவர்களைப் பற்றிக் கேட்டறிந்த புகழ்பெற்ற இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், தம் ஊதுகொம்பு ஒன்றை அவர்களுக்கு அனுப்பி வைத்தார். அந்த அடங்காத மாணவன்தான் ஹியூ மசெகெலா!

அதே ஹடில்ஸ்டன் அடிகளார்தான், 1954-இல், நிறவெறி நாட்டைக் கலைத்துறையில் புறக்கணிக்க வேண்டும் என்று உலகுக்கு முதன்முதலாக அறைகூவல் விடுத்தோருள் ஒருவர். 1987-இல் மாணவர் மசெகெலா ராயல் ஆல்பர்ட் அரங்கில் ஊதுகொம்பு வாசித்தபோது, பிரிட்டனில் புறக்கணிப்பை முன்னின்று நடத்திய நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் தலைவராக விளங்கியவர் ஆசான் ஹடில்ஸ்டன். அரங்கினுள்ளே ஒலித்த ஊதுகொம்பும் அவர் தந்தது. அரங்கின் வெளியே எழுந்த எதிர்ப்பும் அவர் விதைத்தது. இரண்டுமே கறுப்பர்பால் அவர் கொண்ட அன்பிலிருந்து பிறந்தவை. ஒரே அன்பு இருவேறு கடமைகளைப் பிறப்பிக்கும். அக்கடமைகள் ஒருநாள் எதிரெதிரே வந்து நிற்கவும் கூடும். இதனை உணராதோர்தாம், தம்மோடு மாறுபடுவோர் அனைவரும் தீயோர் எனத் தீர்ப்பிட விரைகின்றனர்.

யார் சொன்னது சரி?

அவ்வாறாயின் இருசாராரும் சரியே என்று சொல்லி நழுவிவிடலாமா? அது முறையன்று.

சைமனிடம் ஒரு குறை இருந்தது. அவர் இசைக்கலைஞர்களை மதித்தார், ஊதியத்தைத் தாராளமாகக் கொடுத்தார், பெயரையும் மறைக்கவில்லை. ஆனால், உயிரைப் பணயம் வைத்துப் போராடியோரை ஒரு சொல் கேட்டாரில்லை. இழவு விழுந்த வீட்டினுள் நுழைபவன், கொண்டு செல்வது நற்கொடையாயினும், வாசலில் நின்று கேட்டுவிட்டே நுழைய வேண்டும். கேட்கும்படி அறிவுரை கிடைத்த பின்னும் கேளாதிருந்ததை வெறும் மறதி என்று சொல்ல இயலாது.

எதிர்த்தோரிடமும் ஒரு குறை இருந்தது. ஒடுக்குவோரைத் தனிமைப்படுத்த எடுத்த ஆயுதம், ஒடுக்கப்பட்டோரின் வாயையும் கட்டிவிட்டது. இதனை அவ்வியக்கத்தின் தலைவரே உணர்ந்தார் என்பது போற்றத்தக்கது. ராயல் ஆல்பர்ட் அரங்கில் எதிர்ப்பு நிகழ்ந்த மறு மாதமே, 1987 மே மாதத்தில், ஆலிவர் தாம்போ இலண்டனில் ஆற்றிய ஒரு நினைவுச் சொற்பொழிவில், மக்களின் பக்கம் நிற்கும் கலையைப் புறக்கணிப்பின் வலையில் அகப்படுத்தலாகாது என்று வேறுபடுத்திக் காட்டினார். விதியைக் கைவிடாமலே, அதன் நோக்கத்தை மீண்டும் நினைவூட்டிய செயல் அது.

1990 பிப்ரவரி 11-இல் மண்டேலா விடுதலையானார். அவ்வாண்டிலேயே மகேபா, முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின், தாய்மண்ணை மிதித்தார். 1991 டிசம்பரில் கலைப் புறக்கணிப்பு விலக்கப்பட்டது. அடுத்த மாதமே சைமன் தென்னாப்பிரிக்காவில் பாடச் சென்றார். மண்டேலா அவரை வரவேற்றார். எனினும் சினம் ஆறாத சிலர் இருந்தனர். நிகழ்ச்சியோடு தொடர்புடைய அலுவலகத்தின்மீது கையெறி குண்டு வீசப்பட்டது. பின்னர், 2012-இல் வெளியான ஆவணத் திரைப்படம் ஒன்றில், சைமனும் டாலி தாம்போவும் அருகருகே அமர்ந்து தத்தம் பக்கத்து நியாயத்தைப் பொறுமையோடு எடுத்துரைப்பதையும், இறுதியில் ஒருவரையொருவர் தழுவிக்கொள்வதையும் காண்கிறோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளும் கொடுத்திருக்க வேண்டிய செவியும் அங்கே நிறைவேறின.

ஹடில்ஸ்டன் அடிகளார் 1998-இல் மறைந்தார். அவர் சாம்பல், அவர் அன்பு செய்த சோஃபியாடவுனில், கிறிஸ்து அரசர் ஆலயத்தின் அருகே அடக்கம் செய்யப்பட்டது. அவர் கொடுத்த கொம்பால் இசை பயின்ற மசெகெலா 2018 வரை வாழ்ந்து, விடுதலை பெற்ற தம் நாட்டில் வாசித்து மகிழ்ந்தார்.

அன்புள்ள பெற்றோரே, இளைஞரே! நம் குடும்பங்களிலும், ஊர்ச் சங்கங்களிலும் இத்தகைய வழக்குகள் எழாமலில்லை. "கொள்கைக்காக விலகி நிற்பேன்" என்பார் ஒருவர். "மனிதரை எண்ணிச் சேர்ந்து நிற்பேன்" என்பார் மற்றொருவர். விலகி நிற்பவர், தம் விலகலால் எளியோர் எவரேனும் நசுங்குகின்றனரா என்று பார்க்கட்டும். சேர்ந்து நிற்பவர், துன்புற்றோரைக் கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தோமா என்று தம் மனச்சான்றை வினவட்டும். இவ்விரண்டையும் செய்தபின்னும் கருத்து வேறுபடுமாயின், வேறுபட்டே இருக்கட்டும். ஆனால் பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர். இன்று சாலையின் அப்புறம் நிற்பவரும் நீர் வேண்டும் அதே நீதியை வேண்டி நிற்பவராக இருக்கலாம் அன்றோ!